நிறுத்திவைத்த காரில் பேட்டரி இறங்கிப்போவது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரவு வண்டியை நிறுத்தும்போது எல்லாம் சரியாக இருந்தது. காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம், டாஷ்போர்டு விளக்குகள் மங்குகின்றன, செல்ஃப் எடுக்கவில்லை. யாரையாவது கூப்பிட்டு ஜம்ப் ஸ்டார்ட் செய்தால் ஓடுகிறது. இரண்டு நாள் கழித்து அதே கதை. இதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும், என் சொந்தக் காரில் பட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே சேர்த்திருக்கிறேன். 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி உள்ள எந்தக் காருக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

இரண்டு நாள் நின்றால் கார் ஸ்டார்ட் ஆவதில்லை. பேட்டரியை மாற்றிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். நான் அவசரப்பட்டு மாற்றியவன். என் கார் தினமும் ஓடும்வரை ஒரு தொந்தரவும் தராது. சனி, ஞாயிறு எடுக்காமல் விட்டால் திங்கட்கிழமை காலையில் உயிரே இருக்காது. பேட்டரிக்கு நான்கு வயது ஆகியிருந்ததால் அதன்மேல்தான் சந்தேகம் போனது. புதிது போட்டேன். அடுத்த இரண்டு வாரம் ஒரு நாள் விடாமல் வண்டி ஓடியதால் பிரச்சினை தீர்ந்ததாக நினைத்தேன். மூன்றாவது வாரம் மூன்று நாள் நிறுத்த வேண்டிவந்தது. புது பேட்டரியும் படுத்துவிட்டது. கடைசியில் பார்த்தால், டிக்கிக்குள் அணையாமல் எரிந்துகொண்டிருந்த ஒரு சின்ன விளக்குதான் காரணம்.

காலையில் பேட்டரி காலியாக இருக்க மூன்று வழிகள் உண்டு. ஒன்று, பேட்டரியால் சார்ஜைப் பிடித்துவைக்க முடியவில்லை. இரண்டு, ஓடும்போது ஆல்டர்னேட்டர் (இன்ஜினால் சுழன்று மின்சாரம் தரும் கருவி) அதை நிரப்பவே இல்லை. மூன்று, நிறுத்திய பிறகு ஏதோ ஒன்று திருட்டுத்தனமாக மின்சாரத்தைக் குடிக்கிறது, இதைத்தான் கசிவு என்கிறேன். மூன்றுக்கும் வெளியில் தெரியும் அறிகுறி ஒன்றேதான். அதனால்தான் ஊகத்தை நம்பாமல் அளந்து பார்க்கச் சொல்கிறேன். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று போதும்.

மூன்றில் எது என்று வீட்டிலேயே எப்படிப் பிரிப்பது?

முதலில் பேட்டரியை சார்ஜரில் போட்டு முழுதாக நிரப்புங்கள். பிறகு நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, கேபிள் திரும்பவும் போய்த் தொடாதபடி துணி சுற்றி ஒதுக்கிவையுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் விட்டு வோல்டேஜை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் அதே மாதிரி அளந்து பாருங்கள்.

12.6 அப்படியே நிற்கிறது அல்லது 0.1 வோல்ட்டுக்கும் குறைவாகவே இறங்கியிருக்கிறது என்றால் பேட்டரி தன் வேலையைச் செய்கிறது. குடிப்பது கார்தான். எதனுடனும் இணைக்காமலே 12.6 ஒரே இரவில் 12.2-க்குப் போய்விட்டால் பேட்டரிக்குள்ளேயே கோளாறு. 10.5 வோல்ட் பக்கத்தில் நின்றால் ஆறு செல்களில் ஒன்று செத்துவிட்டது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஒரு செல் சுமார் 2.1 வோல்ட், ஐந்து செல் மட்டும் வேலை செய்தால் 10.5.

ஆல்டர்னேட்டரைப் பார்ப்பது இன்னும் எளிது. இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினல்களில் அளவெடுங்கள். 13.8 முதல் 14.7 வரை இருப்பது வழக்கம். ஹெட்லைட், ஏசி, பின் கண்ணாடி டிஃபாகர் எல்லாம் போட்ட பிறகும் 13.5-க்குக் கீழே போகாமல் இருந்தால் நல்லது. 12.4 என்று காட்டி அங்கிருந்து மெல்ல இறங்கிக்கொண்டே போனால் சார்ஜிங் இல்லை. பெல்ட், ஆல்டர்னேட்டர் ஒயர் பக்கம் பாருங்கள். புதிய கார்கள் சிலவற்றில் எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காகக் கம்ப்யூட்டரே சார்ஜிங்கைக் கூட்டிக் குறைக்கும். அங்கே ஒரு முறை குறைவாகக் காட்டியதை வைத்து ஆல்டர்னேட்டரைப் பழி சொல்லக் கூடாது.

எத்தனை வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது?

ஓய்வில் இருக்கும் பேட்டரியில் 12.6 அல்லது 12.7 என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால் பங்கு, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்கு. 11.9-க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏஜிஎம் வகை பேட்டரிகள் (ஆசிட்டைக் கண்ணாடி இழை விரிப்பில் ஊறவைத்தவை) 0.1, 0.2 வோல்ட் கூடுதலாகக் காட்டும்.

'ஓய்வில்' என்ற சொல் முக்கியம். வண்டியை நிறுத்திய உடனே அளந்தால் 12.9, 13 என்றுகூட வரும். அது மேலோட்டமான சார்ஜ், நம்பக் கூடாது. சில மணி நேரம் விட்டு அளங்கள். அவசரமென்றால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் போட்டு அணைத்து, ஐந்து பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள்.

12.0 என்பதைப் பார்த்து 'பன்னிரண்டு வோல்ட் பேட்டரிதானே, சரியாகத்தான் இருக்கிறது' என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அது கால் பங்கு மட்டும் மீதியுள்ள பேட்டரி.

கார் அணைந்திருக்கும்போது மின்சாரம் எதற்கு? எவ்வளவு போனால் சரி?

சாவியை எடுத்த பிறகும் கார் முழுதாக அணைவதில்லை. கடிகாரம், அலாரம், ரிமோட் பூட்டின் சிக்னலுக்குக் காத்திருக்கும் ரிசீவர், ரேடியோவின் நினைவகம், இன்ஜின் கம்ப்யூட்டரின் நினைவகம் எல்லாம் துளித்துளியாக எடுத்துக்கொண்டே இருக்கும். பெரும்பாலான கார்களில் இது 20 முதல் 50 மில்லி ஆம்பியருக்குள் அடங்கும். வசதிகள் நிறைந்த சில கார்களில் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். 100-ஐத் தாண்டினால் தேடத் தொடங்க வேண்டியதுதான்.

கணக்கு எளிது. 30 மில்லி ஆம்பியர் ஒரு நாளுக்கு 0.72 ஆம்பியர்-மணி (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அளவு). 45 ஆம்பியர்-மணி பேட்டரி பாதியாவதற்கு ஒரு மாதம் ஆகும். 50 மில்லி ஆம்பியர் என்றால் 19 நாள். இப்போது என் டிக்கி விளக்குக்கு வருவோம். 5 வாட் பல்ப், ஏறக்குறைய 420 மில்லி ஆம்பியர். ஒரு நாளைக்கு 10 ஆம்பியர்-மணி. இரண்டே நாளில் பேட்டரி பாதி, நான்காம் நாள் மிச்சமில்லை. விரல் நுனி அளவு பல்ப் அது.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டும் துப்பறியலாம். உங்கள் கார் எத்தனை நாள் நின்றால் படுக்கிறது என்று பாருங்கள். ஒரே இரவில் என்றால் பிரேக் லைட், ஃபேன் மாதிரி ஆம்பியர் கணக்கில் இழுக்கும் ஏதோ ஒன்று. இரண்டு மூன்று நாள் என்றால் சின்ன பல்ப், ஒட்டிக்கொண்ட ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்). மூன்று வாரம் நின்று படுத்தால் அநேகமாகக் கோளாறே இல்லை, அதிக நாள் நிறுத்திவிட்டீர்கள், அவ்வளவுதான்.

கசிவை மல்டிமீட்டரில் எப்படி அளப்பது?

இந்த வேலையில் அவசரம் ஆகாது. மாலை நேரமாகப் பார்த்து, ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

முதலில் கதவுகளை ஏமாற்ற வேண்டும். பானட் திறந்திருக்க வேண்டும், ஃபியூஸ் பாக்ஸ் உள்ள பக்கத்துக் கதவும் திறந்திருக்க வேண்டும், ஆனால் அவை மூடியிருப்பதாகக் கார் நினைக்க வேண்டும். கதவில் உள்ள பூட்டு நாக்கை ஒரு ஸ்க்ரூடிரைவரால் தள்ளி, கதவு சாத்தினால் எப்படிச் சுழலுமோ அப்படிச் சுழற்றிவிட்டால் போதும். பானட் பூட்டுக்கும் இதே வழி. வேலை முடிந்ததும் கைப்பிடியை இழுத்து அதை விடுவித்த பிறகுதான் கதவைச் சாத்த வேண்டும். மறந்தால் பூட்டு அடிபடும்.

மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளையில் செருகி, டயலை டிசி ஆம்பியருக்குத் திருப்புங்கள். மில்லி ஆம்பியர் துளையில் தொடங்காதீர்கள். கார் விழித்திருக்கும்போது பல ஆம்பியர் போகும், மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் எரிந்துவிடும். மீட்டரின் ஒரு கிளிப்பை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், இன்னொன்றை நெகட்டிவ் கேபிளின் கிளாம்ப் உலோகத்திலும் மாட்டுங்கள். மாட்டிய பிறகு கிளாம்பைத் தளர்த்தி, மெதுவாக மேலே தூக்குங்கள். இப்போது மின்சாரம் மீட்டர் வழியாகத்தான் போயாக வேண்டும். இணைப்பு ஒரு நொடிகூட அறுபடாததால் கம்ப்யூட்டர்கள் புதிதாக விழித்துக்கொள்ளாது, ரேடியோவும் ரகசிய எண் கேட்காது.

இரண்டு எச்சரிக்கைகள். மீட்டர் இப்படி நடுவில் இருக்கும்போது தப்பித்தவறியும் இக்னிஷனைப் போடாதீர்கள், ஸ்டார்ட் செய்யாதீர்கள். செல்ஃப் மோட்டார் இழுப்பது நூற்றுக்கணக்கான ஆம்பியர். அப்புறம், வேலை முடிந்ததும் சிவப்பு ஒயரை வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். ஆம்பியர் துளையில் வைத்தபடியே பேட்டரியின் இரு முனைகளையும் தொட்டால் அது நேரடி ஷார்ட்.

டிசி மில்லி ஆம்பியரை நம்பகமாகக் காட்டும் கிளாம்ப் மீட்டர் கைவசம் இருந்தால் எதையும் கழற்ற வேண்டாம், நெகட்டிவ் கேபிளைச் சுற்றிப் போட்டால் போதும். ஏசி மட்டும் அளக்கும் கிளாம்ப் இதற்கு உதவாது.

மாட்டியதும் 3 ஆம்பியர் காட்டுகிறது. இவ்வளவு பெரிய கசிவா?

இல்லை. கார் இன்னும் தூங்கவில்லை. பூட்டிய பிறகும் கம்ப்யூட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் அடங்கும். சில கார்களில் 10 நிமிடம், சிலவற்றில் 40 நிமிடம், ஒரு மணி நேரம்கூட ஆகும். மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தால் எண் படிக்கட்டு இறங்குவது மாதிரி இறங்கும்: 3.2, பிறகு 1.1, பிறகு 0.4, கடைசியில் 0.03. இடையில் சாவியைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு காருக்குப் பக்கத்தில் நின்றால், கீலெஸ் கார் திரும்பவும் விழித்துக்கொள்ளும். சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டு வாருங்கள்.

ஐந்தாவது நிமிடத்தில் எண்ணைப் பார்த்துப் பயந்து ஃபியூஸ்களைப் பிடுங்கத் தொடங்குவதுதான் நான் பார்த்த மிகப் பெரிய தவறு. இல்லாத திருடனைத் தேடி ஒரு நாள் முழுதும் போய்விடும். எண் ஓரிடத்தில் நின்று, பத்து நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும். அந்த எண்தான் உங்கள் கசிவு.

எந்த வழியாகப் போகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய முறை, ஃபியூஸை ஒவ்வொன்றாக எடுத்து மீட்டரைப் பார்ப்பது. எந்த ஃபியூஸை எடுத்ததும் எண் சட்டென்று விழுகிறதோ, அந்தச் சர்க்யூட்டில்தான் ஆள் இருக்கிறான். என் காரில் 450 மில்லி ஆம்பியரில் நின்றது. உள் விளக்குகளின் ஃபியூஸை எடுத்தேன், 30 ஆனது. கம்ப்யூட்டர்கள் குறைவாக உள்ள கார்களுக்கு இந்த முறை இன்றும் அருமையானது.

புதிய கார்களில் ஒரு சிக்கல் உண்டு. ஃபியூஸை எடுத்தாலோ திரும்பச் செருகினாலோ ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டு எண்ணைக் குழப்பிவிடும். சில சமயம் கோளாறு செய்துகொண்டிருந்த கம்ப்யூட்டர் ரீசெட் ஆகி, 'கசிவே இல்லை' என்று ஆகிவிடும். அங்கே ஃபியூஸைத் தொடாமலே அளக்க வேண்டும். பிளேடு ஃபியூஸின் தலையில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் தெரியும். மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, இரண்டு முனைகளாலும் அந்தப் புள்ளிகளைத் தொடுங்கள். ஃபியூஸில் மின்சாரம் ஓடவில்லை என்றால் சுழியம். ஓடினால் ஒரு சின்ன எண் வரும். 10 ஆம்பியர் ஃபியூஸின் மின்தடை ஏறக்குறைய 7 அல்லது 8 மில்லி ஓம். ஆகவே அதில் 3 மில்லிவோல்ட் தெரிந்தால் சுமார் 400 மில்லி ஆம்பியர் போகிறது என்று பொருள். மற்ற அளவு ஃபியூஸ்களுக்கு எண் மாறும். மீட்டர் 0.1 மில்லிவோல்ட் வரை காட்டினால் வேலை சுலபம்.

பெரும்பாலான கார்களில் இரண்டு ஃபியூஸ் பாக்ஸ் இருக்கும், ஒன்று பானட்டுக்குள், ஒன்று டாஷ்போர்டுக்கு அடியில். டிக்கியில் மூன்றாவதும் இருக்கலாம். உரிமையாளர் கையேட்டில் எந்த ஃபியூஸ் எதற்கு என்று படம் இருக்கும், பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கமாகச் சிக்குவது எவை?

உள்விளக்குகளில் தொடங்குங்கள். டிக்கி விளக்கு, குளோவ் பாக்ஸ் விளக்கு, சன்வைசர் கண்ணாடி விளக்கு. மூடிய பிறகு இவை எரிகின்றனவா என்று வெளியிலிருந்து பார்க்க முடியாது என்பதுதான் இவற்றின் பலம். ஃபோனில் வீடியோவை ஓடவிட்டு, டிக்கியில் வைத்து மூடி, அரை நிமிடம் கழித்து எடுத்துப் பாருங்கள். என் வீடியோவில் மூடி இறங்குகிறது, 'டப்' என்று பூட்டு விழுகிறது, அதற்குப் பிறகும் ஸ்டெப்னி மேல் கிடந்த சாக்குப்பையின் நெசவு தெளிவாகத் தெரிந்தது. வெளிச்சம் போகவே இல்லை. பூட்டுக்குள் இருக்கும் மைக்ரோ சுவிட்ச் துருப்பிடித்திருந்தது. அரை மணி நேரத்தில் உள்விளக்குகளைத் தானே அணைத்துவிடும் ஏற்பாடு சில கார்களில் உண்டு, என் காரில் இல்லை.

அடுத்து, பிரேக் லைட். பிரேக் பெடலுக்கு மேலே ஒரு சுவிட்ச் இருக்கும். பெடல் மேலே வந்து அதை அழுத்தினால் விளக்கு அணையும். அழுத்தும் இடத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பொத்தான் இருக்கும். வருடக்கணக்கில் வெப்பத்தில் காய்ந்து அது பொடிந்து விழும். சுவிட்ச் அந்த ஓட்டைக்குள் போய்விட, பிரேக் லைட் இரவெல்லாம் எரியும். டிரைவர் பக்கத்துக் கால்மிதியில் பிளாஸ்டிக் துணுக்குகள் கிடந்தால் நிமிர்ந்து பெடலைப் பாருங்கள்.

பிறகு, வாங்கிய பின் மாட்டியவை. ஸ்டீரியோ, ஆம்ப்ளிஃபையர், அலாரம், ஜிபிஎஸ் டிராக்கர், டேஷ்கேம், ஓபிடி போர்ட்டில் (மெக்கானிக் ஸ்கேனர் செருகும் துளை) செருகிய கருவி. வெளியில் வாங்கும் ஸ்டீரியோவில் மஞ்சள் ஒயர் எப்போதும் பேட்டரியோடு, சிவப்பு ஒயர் சாவி போட்டால் மட்டும். மாட்டியவர் இரண்டையும் சேர்த்து முறுக்கியிருந்தால் ஸ்டீரியோ தூங்கவே தூங்காது. ஓபிடி போர்ட்டின் 16-ஆம் பின்னில் எப்போதும் பேட்டரி மின்சாரம் இருக்கும், சாவிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நிறுத்திய பிறகும் பதிவு செய்யும் டேஷ்கேம் கால் ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 6 ஆம்பியர்-மணி. அதற்கு வோல்டேஜ் குறைந்தால் துண்டிக்கும் வசதி இருந்தால் 12.2-க்கு மேலேயே வையுங்கள். 11.8-ல் வைப்பது பேட்டரி காலியான பிறகு துண்டிப்பதாகும்.

ரிலேக்களையும் தொட்டுப் பாருங்கள். இரவெல்லாம் நின்ற காரில் எல்லா ரிலேயும் சில்லென்று இருக்க, ஒன்று மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் அதுதான். ரிலேயின் சுருள் மட்டுமே 150 மில்லி ஆம்பியர் அளவு குடிக்கும். உள்முனைகள் ஒட்டிக்கொண்டிருந்தால் அது ஓட்டும் மோட்டாரோ பம்போ தனிக் கணக்கு.

மழைக்குப் பிறகுதான் தொந்தரவு தொடங்கியது என்றால் தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். ஈரமான கனெக்டரில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருப்பது தெரியும்.

பேட்டரியின் மேல்பரப்பையும் விட்டுவிடாதீர்கள். ஆசிட் கலந்த அழுக்கே இரண்டு முனைகளுக்கும் நடுவில் பாலம் போடும். மீட்டரின் கறுப்பு முனையை நெகட்டிவில் வைத்து, சிவப்பு முனையால் பிளாஸ்டிக் மேல்பரப்பைத் தடவுங்கள். வோல்ட் காட்டினால் அங்கே கசிகிறது. சமையல் சோடா கரைத்த தண்ணீரால் துடைத்துக் காயவைத்தால் போதும், செல் மூடிக்குள் மட்டும் அது போகக் கூடாது.

எல்லா ஃபியூஸையும் எடுத்துவிட்டேன். எண் குறையவே இல்லை.

அப்படியானால் சாதாரண ஃபியூஸ்கள் வழியாகப் போகாத ஒன்று. முதல் சந்தேகம் ஆல்டர்னேட்டர். அதற்குள் இருக்கும் டயோடுகள் மின்சாரத்தை ஒரே பக்கமாக விட வேண்டியவை. ஒன்று பழுதானால் இரவில் பேட்டரியிலிருந்து ஆல்டர்னேட்டருக்குள் திரும்ப ஓடும். காலையில் இன்ஜினைப் போடுவதற்கு முன் ஆல்டர்னேட்டர்மேல் கை வைத்துப் பாருங்கள். இன்ஜின் முழுதும் குளிர்ந்திருக்க, அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் வேறு சாட்சி வேண்டாம். இன்னொரு சோதனை, இன்ஜின் ஓடும்போது மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பேட்டரியில் அளப்பது. அரை வோல்ட்டுக்கு மேல் வந்தால் டயோடுமேல் சந்தேகப்படலாம்.

உறுதி செய்ய, நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரை எடுத்து டேப் சுற்றிவையுங்கள். பிறகு முன்போல மீட்டரை நடுவில் போட்டு அளங்கள். நெகட்டிவைக் கழற்றாமல் அந்த ஒயரைத் தொடவே கூடாது. அது நேராகப் பேட்டரி பாசிட்டிவிலிருந்து வருகிறது.

அதிலும் இல்லை என்றால், யாராவது பேட்டரி முனையிலிருந்தே நேராக ஒயர் இழுத்து மாட்டியிருப்பார்கள். பாசிட்டிவ் கிளாம்பில் எத்தனை ஒயர் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

சில இரவுகளில் மட்டும் இறங்குகிறது. அளக்கும்போது எல்லாம் சரியாக இருக்கிறது.

இதுதான் மிகவும் பொறுமையைச் சோதிக்கும் வகை. ஒரு கம்ப்யூட்டர் சில நாள் தூங்குகிறது, சில நாள் தூங்குவதில்லை. அல்லது கதவுப் பூட்டின் சுவிட்ச் சில தடவை மட்டும் 'கதவு திறந்திருக்கிறது' என்று தவறாகச் சொல்கிறது. குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள்: அன்று கடைசியாக எந்தக் கதவைச் சாத்தினீர்கள், ரிமோட்டில் பூட்டினீர்களா, மழை பெய்ததா, ஃபோன் சார்ஜர் செருகியிருந்ததா, சாவி எங்கே இருந்தது. பத்து நாளில் ஏதோ ஒரு ஒழுங்கு தெரியும்.

நடுராத்திரியில் மீட்டர் ஒரு முறை ஏறி இறங்கினால் பதற வேண்டாம். சில கார்கள் நிறுத்திச் சில மணி நேரம் கழித்துத் தானாக விழித்து, எரிபொருள் ஆவி கசிகிறதா என்று சோதித்துவிட்டுத் திரும்பத் தூங்கும்.

ஜம்ப் ஸ்டார்ட் செய்து அரை மணி நேரம் ஓட்டினால் பேட்டரி நிரம்பிவிடுமா?

நிரம்பாது. ஸ்டார்ட் செய்ய ஆகும் செலவு உண்மையில் குறைவு. 200 ஆம்பியர் இரண்டு நொடி என்றாலும் 0.1 ஆம்பியர்-மணிதான், அதை ஆல்டர்னேட்டர் சில நிமிடத்தில் ஈடுகட்டிவிடும். ஆனால் முழுதாக இறங்கிய பேட்டரிக்கு 30, 40 ஆம்பியர்-மணி வேண்டும், அதிலும் கடைசிப் பகுதி மிக மெதுவாகத்தான் ஏறும். 4 அல்லது 5 ஆம்பியர் சார்ஜரில் ஒரு இரவு போடுவதுதான் பேட்டரிக்கும் நல்லது, ஆல்டர்னேட்டருக்கும் நல்லது.

தாமதிக்கவும் கூடாது. காலியாகக் கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் லெட் சல்ஃபேட் கெட்டியாகப் படியும். நாள் ஆக ஆக அது கரையாது. ஒரு கசிவைக் கவனிக்காமல் விட்டு, ஐந்தாறு தடவை பேட்டரியைக் காலியாக்கினால், நல்ல பேட்டரியும் நிஜமாகவே கெட்டுவிடும். அதனால் கசிவைச் சரிசெய்த பிறகு பேட்டரியையும் ஒரு முறை லோடு டெஸ்ட் (சுமை கொடுத்து அளக்கும் சோதனை) செய்துகொள்ளுங்கள்.

ஜம்பர் கேபிளை எந்த வரிசையில் மாட்டுவது?

சிவப்பு முதலில் இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவில், அதன் மறுமுனை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். கறுப்பு நல்ல பேட்டரியின் நெகட்டிவில், அதன் மறுமுனை இறங்கிய காரின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத உலோகத்தில், பேட்டரியிலிருந்து தள்ளி. கடைசி இணைப்பில் பொறி பறக்கும், பேட்டரிக்கு மேலே ஹைட்ரஜன் இருக்கலாம். அதற்காகத்தான் இந்தத் தள்ளி மாட்டல். கழற்றும்போது நேர் தலைகீழ் வரிசை.

ஊருக்குப் போகும்போது நெகட்டிவைக் கழற்றிவைக்கலாமா?

மூன்று வாரத்துக்கு மேல் என்றால் நல்ல யோசனை. பெரும்பாலும் பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும். எப்போதும் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் ஷார்ட் ஆகும். நெகட்டிவ் பாடியோடு ஏற்கெனவே சேர்ந்தது, பட்டாலும் ஒன்றும் ஆகாது.

திரும்ப மாட்டியதும் கடிகாரத்தைத் திருத்த வேண்டியிருக்கும், ஒரே தட்டில் ஏறும் கண்ணாடிக்கு மறுபடி கற்றுத்தர வேண்டியிருக்கும், சில ரேடியோக்கள் ரகசிய எண் கேட்கும். டிக்கி மின்பூட்டில்தான் திறக்கும் என்றால், அதற்குள் எதையும் வைத்து மறந்துவிடாதீர்கள். மின்வசதி உள்ள இடத்தில் நிறுத்துபவர்களுக்கு இதைவிட நல்லது மெயின்டெய்னர் வகை சார்ஜர். அது 13.5 வோல்ட் அளவில் பேட்டரியை நிறைந்த நிலையிலேயே வைத்திருக்கும்.

தினமும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்தால் போதுமா?

போதாது. ஐடிலில் ஆல்டர்னேட்டர் கொடுப்பது குறைவு, விளக்கும் ஏசியும் போட்டால் பேட்டரிக்கு மிஞ்சுவது இன்னும் குறைவு. குளிர்ந்த இன்ஜினுக்கும் அது நல்லதல்ல. வாரத்துக்கு ஒரு முறை முக்கால் மணி நேரம் சாலையில் ஓட்டுவது அதைவிட எவ்வளவோ மேல்.

மின்சாரக் காருக்கு இந்தப் பிரச்சினை இல்லைதானே?

உண்டு. ஓட்டுவதற்கான பெரிய பேட்டரி தனி. கதவு, கம்ப்யூட்டர், திரை எல்லாவற்றுக்கும் பெரும்பாலான மின்சார, ஹைபிரிட் கார்களில் ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. அது இறங்கினால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் கார் விழிக்காது. 12 வோல்ட் பக்கம் நீங்களே அளந்து பார்க்கலாம். ஆரஞ்சு நிற ஒயர்கள் உயர் மின்னழுத்தம், அவற்றைத் தொடாதீர்கள்.

எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோகும்போது என்ன சொல்ல வேண்டும்?

'பேட்டரி நிற்கவில்லை' என்று மட்டும் சொன்னால் புது பேட்டரியோடுதான் திரும்புவீர்கள். எத்தனை நாள் நின்றால் படுக்கிறது, கழற்றிவைத்த பேட்டரி ஒரு இரவில் எவ்வளவு இறங்கியது, இன்ஜின் ஓடும்போது எத்தனை வோல்ட், தூங்கிய பிறகு எத்தனை மில்லி ஆம்பியர், எந்த ஃபியூஸை எடுத்தால் குறைகிறது, கடைசியாக என்ன புதிதாக மாட்டினீர்கள். இவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வண்டியை ஒரு இரவு அங்கேயே விட முடியுமா என்றும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கார் தூங்கிய பிறகுதான் அளக்கவே முடியும். நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் முடிகிற வேலை இல்லை இது.